இத்தாலிய மலையூரில் நண்பர் வீட்டில் தங்குவது: அழைப்பு வந்த நாள் முதல் ஊர் திரும்பும் வரை

படித்த இடத்திலோ வேலை பார்த்த இடத்திலோ பழகிய இத்தாலிய நண்பர் ஒருவர், "ஊருக்கு வா, எங்கள் வீட்டிலேயே தங்கலாம்" என்று கூப்பிட்டிருக்கிறார். ஊர் ரோமும் இல்லை, மிலானும் இல்லை. மலைமேல் ஒரு சிற்றூர். சில கடைகள், நாளுக்குச் சில பஸ்கள். வீட்டில் நண்பரின் அப்பா அம்மா, ஒருவேளை பாட்டியும் இருப்பார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் வராது. அப்படி அழைக்கப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஸ்கான்னோ என்ற ஊரை வைத்துக்கொள்கிறேன். ரோமுக்குக் கிழக்கே, அப்ருட்ஸோ பகுதியில், லாக்குவிலா மாவட்டத்தில், சுமார் 1,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மக்கள்தொகை இரண்டாயிரத்துக்கும் குறைவு. மற்ற மலையூர்களில் பஸ்ஸும் பலகாரமும் மாறும். செய்ய வேண்டிய வரிசை பெரும்பாலும் இதுவேதான்.

நம்மவர்கள் அங்கே திண்டாடுவதற்குக் காரணம் பெரும்பாலும் மொழி அல்ல. "எது கொடுத்தாலும் சாப்பிடுவேன்", "எப்போது வசதியோ அப்போது வருகிறேன்", "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லிவைப்பதுதான். நம் வீடுகளில் இது பணிவு. அங்கே அந்த அம்மாவுக்கு எதை வாங்குவது, எப்போது அடுப்பை மூட்டுவது என்று ஒன்றும் தெரியாமல் போகிறது. அதனால் கீழே உள்ளவற்றில் பாதி, கிளம்பும் முன்பே சொல்லிவிட வேண்டியவை.

1. தேதியை இரண்டு முனையிலும் முடிவு செய்யுங்கள்

முதல் வேலை இதுதான். விசா, இன்சூரன்ஸ், அழைப்புக் கடிதம் மூன்றிலும் ஒரே தேதிகள் இருக்க வேண்டும். தேதி முடிவாகாமல் மற்ற எதைத் தொடங்கினாலும் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

வரும் நாளைச் சொல்பவர்கள் கிளம்பும் நாளைச் சொல்லத் தயங்குகிறார்கள். "இருந்துவிட்டுப் போ" என்று அவர்கள் சொல்லத்தான் செய்வார்கள். ஆனாலும் முதல் முறை போகிறவர் நான்கைந்து இரவுகள் என்று தானே சொல்லிவிடுவது நல்லது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் விருந்தாளி என்றால் தினமும் இரண்டு வேளை முழுச் சமையல். அதற்கு ஒரு முடிவு தேதி தெரிந்தால் அவர்களும் நிம்மதியாக உபசரிப்பார்கள்.

மே கடைசி, ஜூன், செப்டம்பர் மூன்றும் சுகமான காலம். ஆகஸ்ட் நடுப்பகுதியை முதல் முறைக்குத் தவிர்த்துவிடுங்கள். ஆகஸ்ட் 15 நாடு முழுவதும் விடுமுறை. வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லாம் ஊருக்கு வந்திருப்பார்கள், வீட்டில் படுக்கை இருக்காது. திருவிழா பார்க்கத்தான் ஆசை என்றால் நண்பரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லி, இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்கான்னோவில் நவம்பர் 10 அன்று இரவு, புனித மார்ட்டினுக்காகப் பெரும் தீக்குவியல்கள் மூட்டுவார்கள். அந்தச் சமயத்தில் வீடுகளில் கூட்டம் குறைவு, ஆனால் குளிர் கடுமை.

2. அழைப்புக் கடிதம், பிறகு விசா

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) குறுகிய கால விசா தேவை. எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். சாதாரணமாக 15 நாளில் முடிவு வரும், சிலருக்கு 45 நாள் வரை இழுக்கும். ஆகவே இரண்டு மூன்று மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

ஓட்டல் முன்பதிவுக்குப் பதிலாக, வீட்டார் கையெழுத்திட்ட அழைப்புக் கடிதம் வேண்டும். "லெத்தெரா தி இன்வீத்தோ" என்று நண்பரிடம் கேட்டால் புரியும். உங்கள் பெயர், பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண், வரும் போகும் தேதிகள், தங்கும் முகவரி, இருவருக்கும் உள்ள பழக்கம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கையெழுத்திட்டவரின் அடையாள அட்டை நகலையும் சேர்க்க வேண்டும்.

இங்கே அதிகம் நடக்கும் தவறு ஒன்று உண்டு. நண்பர் மிலானில் வேலை பார்க்கிறார். கடிதத்தில் தன் மிலான் முகவரியைப் போட்டு அனுப்பிவிடுகிறார். நீங்கள் தங்கப்போவதோ மலையூரில், அவருடைய பெற்றோர் வீட்டில். தங்கப்போகும் வீட்டில் குடியிருப்பவர் பெயரிலும் முகவரியிலும்தான் கடிதம் வேண்டும். இல்லையென்றால் உங்கள் ரயில் டிக்கெட் ஒரு ஊரையும் கடிதம் வேறு ஊரையும் காட்டும், கேள்விகள் எழும்.

மருத்துவ இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும் செல்லுபடியாக வேண்டும். கடவுச்சீட்டு பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக, நீங்கள் திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு வெற்றுப் பக்கங்களோடு இருக்க வேண்டும்.

கடிதம், இன்சூரன்ஸ், திரும்பும் டிக்கெட் மூன்றின் நகலையும் கைப்பையில் வையுங்கள். விசா இருந்தாலும் விமான நிலையத்தில் "எங்கே தங்குகிறீர்கள்" என்று கேட்பார்கள். சரக்குப் பெட்டிக்குள் போன காகிதம் அப்போது உதவாது.

3. சாப்பாட்டை எழுத்தில் சொல்லுங்கள்

விசா வந்ததும் அடுத்த வேலை இது. பேச்சில் சொன்னால் நண்பர் வழியாக அம்மாவிடம் போய்ச் சேர்வதற்குள் பாதி உதிர்ந்துவிடும். இத்தாலியனில் நான்கு வரி எழுதி நண்பருக்கு அனுப்பி, "அம்மாவிடம் காட்டு" என்று சொல்லுங்கள்.

"சைவம்" என்ற ஒற்றைச் சொல் போதாது. சைவம் என்று கேட்டவர்களுக்கு டூனா மீனையும், இறைச்சி கொதித்த நீரில் செய்த சூப்பையும் அன்போடு வைத்த வீடுகள் உண்டு. அந்த வீட்டார் மனதில் அது ஆட்டுத்துண்டோ மாட்டுத்துண்டோ அல்ல, அவ்வளவுதான். ஆகவே பட்டியலாக எழுதுங்கள்: இறைச்சி இல்லை, கோழி இல்லை, மீன் இல்லை, இறைச்சிச் சாறு இல்லை, பன்றிக்கொழுப்பு இல்லை. முட்டை சாப்பிடுவீர்களா என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். அங்கே வீட்டிலேயே உருட்டும் பாஸ்தாவில் பல வகைக்கு முட்டை சேரும்.

பாலாடைக்கட்டியில் ஒரு விஷயம். பார்மிஜானோவும், ஆட்டுப்பாலில் செய்யும் பெக்கொரீனோவில் பெரும்பாலானவையும் கன்று அல்லது ஆட்டுக்குட்டி இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைப்பொருளால் உறைய வைக்கப்படுபவை. கடுமையான சைவம் கடைப்பிடிப்பவர் இதை முன்பே தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். மேசையில் வைத்த பிறகு தெரிந்து தட்டை ஒதுக்கினால் சமைத்தவர் மனம் வாடும்.

மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம், பன்றி மட்டும் வேண்டாம் என்பவர்களும் பெயர் சொல்லி எழுதுங்கள். பாஸ்தா மேல் ஊற்றும் இறைச்சிக் குழம்பில் இரண்டும் கலந்திருக்கலாம். மாடு "மாந்த்ஸோ", பன்றி "மயாலே". மது அருந்தமாட்டீர்கள் என்றால் அதையும் இதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.

இவ்வளவு நிபந்தனை போடுவது மரியாதைக் குறைவு என்று தயங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அந்த அம்மா இரண்டு நாள் முன்பே யோசித்து, காய்கறிக்காரரிடம் சொல்லி வைத்துச் சமைப்பவர். நீங்கள் சொல்லாமல் விட்டால் அவருடைய உழைப்புதான் வீணாகிறது. சொன்னால் அப்ருட்ஸோவில் சைவருக்குக் குறை இல்லை: பாலாடைக்கட்டியும் முட்டையும் ரொட்டியும் பிசைந்து தக்காளிச் சாற்றில் வேகவைக்கும் உருண்டைகள், பயறு சேர்த்த பாஸ்தா, நெருப்பில் வாட்டிய ஸ்கமோர்த்ஸா பாலாடைக்கட்டி எல்லாம் அவர்கள் கையில் இருப்பவைதான்.

4. பெட்டியில் எது, எது கூடாது

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பயணிகள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரத் தடை இருக்கிறது. நெய், பனீர் எதையும் எடுக்காதீர்கள். பால்கோவாவும் சிக்கலில் மாட்டும். பழம், காய், இலைகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, துரியன் ஐந்துக்கு மட்டும் விலக்கு. மாம்பழமும் பச்சைக் கறிவேப்பிலையும் விமான நிலையத்தோடு போய்விடும்.

பரிசாக நான் சொல்வது மிளகு, ஏலக்காய், முந்திரி, நல்ல கைத்தறித் துண்டு அல்லது மேசை விரிப்பு. விலை உயர்ந்தது வேண்டாம். அவர்கள் திருப்பிச் செய்ய வேண்டுமே என்று சங்கடப்படுவார்கள். பாட்டி இருந்தால் அவருக்கென்று தனியாக ஒரு சிறு பொருள் இருக்கட்டும்.

பூ வாங்கிப்போக நினைத்தால் சாமந்தி மட்டும் கூடாது. நமக்கு அது பூசைக்கும் மங்கலத்துக்கும் உரிய பூ. இத்தாலியில் நவம்பர் 2, இறந்தோர் நாளில் கல்லறைக்கு எடுத்துப்போகும் பூ. கடையில் அழகாக இருக்கிறதே என்று அதை வாங்கிவிடுகிறவர்கள் நம்மில் அதிகம்.

உடையில் முக்கியமானது வீட்டுக்குள் போடும் செருப்பு. ஏன் என்று ஏழாம் பகுதியில் சொல்கிறேன். ஜூலையிலும் இரவுக்கு ஒரு ஸ்வெட்டர், மழைக்கு மேலங்கி, பிடிமானம் உள்ள காலணி வேண்டும். தேவாலயத்துக்குள் போகத் தோளையும் முழங்காலையும் மூடும் உடை ஒன்று.

மின்சாரம் நம்முடையதைப் போலவே 230 வோல்ட், ஆகவே மின்னழுத்த மாற்றி தேவையில்லை. செருகும் துளைதான் வேறு: மூன்று துளைகள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். அதற்கான அடாப்டரை இங்கிருந்தே வாங்கிச் செல்லுங்கள். மலையூரில் ஞாயிற்றுக்கிழமை அதைத் தேடி அலைய முடியாது.

எல்லாவற்றையும் தோளில் மாட்டும் பையில் அடுக்குங்கள். ஸ்கான்னோவின் பழைய பகுதி முழுவதும் கல் பாவிய சந்துகளும் படிகளும்தான். சக்கரப் பெட்டி அங்கே பாரம்.

5. ஊர் போய்ச் சேர்தல்

ரோம் ஃபியுமிச்சீனோ விமான நிலையத்தில் எல்லோரும் தெர்மினி நிலையத்துக்குப் போகும் விரைவு ரயிலில் ஏறுகிறார்கள். மலைப்பக்கம் போகிறவர்களுக்கு திபுர்த்தீனா நிலையம்தான் வசதி. அதற்கு விமான நிலையத்திலிருந்தே நேரடிப் புறநகர் ரயில் உண்டு, கட்டணமும் குறைவு. அங்கிருந்து பெஸ்காரா செல்லும் பாதையில் சுல்மோனா வரை ரயில், பிறகு பஸ்.

சுல்மோனாவிலிருந்து ஸ்கான்னோ சுமார் 30 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். பாதை ஸஜித்தாரியோ ஆற்றின் மலையிடுக்கு வழியாக வளைந்து வளைந்து ஏறும். தலைசுற்றல் வருபவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள்.

கவனிக்க வேண்டியவை சில. காகித டிக்கெட் எடுத்த உள்ளூர் ரயிலில் ஏறுமுன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம். பஸ் டிக்கெட்டைப் புகையிலைக் கடையிலோ பாரிலோ முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறும் விடுமுறை நாளும் பஸ் மிகக் குறைவு, மாலைக்குப் பிறகு இல்லாமலும் போகும். பாதையில் வேலை நடக்கும் காலத்தில் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், நேரம் கூடும். ஆகவே கிளம்புவதற்கு முந்தைய வாரம் ரயில் நிறுவனமான ட்ரெனிதாலியாவின் செயலியில் மறுபடி பாருங்கள்.

எந்த பஸ், எத்தனை மணிக்கு என்பதைப் புகைப்படம் எடுத்து நண்பருக்கு அனுப்பிவிடுங்கள். அவருடைய அப்பா நிறுத்தத்தில் வந்து நிற்பார். தாமதமானால் உடனே சொல்லுங்கள். இரவு உணவு உங்கள் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும்.

6. முதல் 48 மணி நேரம்: பதிவுகள்

இதைப் பெரும்பாலான இத்தாலிய நண்பர்களே அறிந்திருப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த ஒருவரை வீட்டில் தங்கவைப்பவர் 48 மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 1998ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 7ஆம் பிரிவு இது. தவறினால் வீட்டுக்காரருக்கு 160 முதல் 1,100 யூரோ வரை அபராதம். காவல் அலுவலகம் இல்லாத சிற்றூரில் அந்தப் படிவத்தை ஊராட்சி அலுவலகமான "கொமூனே"யில் கொடுக்கலாம்.

நீங்களே நினைவூட்டுங்கள். கடவுச்சீட்டின் விவரப் பக்கமும் விசாப் பக்கமும் நகலெடுத்து வந்த அன்றே கையில் கொடுங்கள். கொமூனே மக்களுக்குத் திறந்திருப்பது பெரும்பாலும் காலையில்தான். வெள்ளி இரவு போய்ச் சேர்ந்தால் சனி ஞாயிறு கழிந்து 48 மணி நேரமும் முடிந்துவிடும். ஆகவே திங்கள் முதல் புதனுக்குள் போய்ச் சேருவது நல்லது.

உங்கள் பக்கம் ஒரு கடமை உண்டு. தோஹா, துபாய் வழியாக நேரே ரோமில் இறங்கினால் எல்லையில் செய்யும் பதிவே போதும். ஃபிராங்க்ஃபர்ட், பாரிஸ் போன்ற ஷெங்கன் நகரம் வழியாக வந்தவர்கள், இத்தாலிக்குள் நுழைந்த 8 நாளுக்குள் காவல்துறையிடம் தங்கள் வருகையை அறிவிக்க வேண்டும். ஓட்டலில் தங்குவோருக்கு ஓட்டலே அதைச் செய்துவிடும். வீட்டில் தங்குபவர் தானே செய்தாக வேண்டும். ஸ்கான்னோவில் தங்குகிறவர்களுக்குப் பக்கத்துக் காவல் அலுவலகம் சுல்மோனாவில். விமான டிக்கெட் வாங்கும்போதே இதை யோசித்தால் ஒரு நாள் மிச்சம்.

7. வீட்டுக்குள்

வாசலில் காலணியைக் கழற்றலாமா என்று கேளுங்கள். வீட்டுக்கு வீடு மாறும். கழற்றினால் உடனே வீட்டுச் செருப்பை மாட்டிக்கொள்ளுங்கள். வெறுங்காலோடு கல் தரையில் நடப்பதைப் பார்த்தால் பாட்டி பதறிவிடுவார். குளிர் காலில் ஏறி வயிற்றுக்குப் போகும் என்பது அவர்கள் உறுதியான நம்பிக்கை. ஈரத்தலையோடு வெளியே போவதும் அப்படித்தான். தலைக்குக் குளித்தால் உலர்த்திவிட்டு அறையை விட்டு வாருங்கள்.

குளியலறையில் நம்மவர்களுக்கு ஒரு நிம்மதி காத்திருக்கிறது. கழிப்பறைக்குப் பக்கத்தில் தாழ்வான பீங்கான் தொட்டி, குழாயோடு இருக்கும். அது "பிதே", கழுவிக்கொள்ளத்தான். வீட்டுக்கு ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 1975 முதல் அரசாணையே இருக்கிறது. பக்கத்தில் மாட்டியிருக்கும் சிறிய துண்டு அதற்கானது, முகம் துடைக்காதீர்கள். உங்களுக்கு எது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

தரையில் தண்ணீர் வடிய வழி இருக்காது. வாளி வைத்துக் குளிப்பதும், தொட்டிக்கு வெளியே தண்ணீர் ஊற்றுவதும் கீழ்வீட்டுக் கூரை வரை நனைக்கும். திரையைத் தொட்டிக்கு உட்புறமாக விட்டுக் குளியுங்கள். வெந்நீர் பல வீடுகளில் ஒரு சிறிய கொதிகலனிலிருந்து வருகிறது, ஒருவர் நீளக் குளித்தால் அடுத்தவருக்குக் குளிர்நீர்தான். காலையில் யார் முதலில் குளிப்பது என்று கேட்டு அந்த வரிசையில் நில்லுங்கள்.

மின்சாரம் முக்கியம். இத்தாலிய வீடுகளின் வழக்கமான இணைப்பு 3 கிலோவாட் மட்டுமே. மின் அடுப்பும் சலவை இயந்திரமும் ஓடும் நேரத்தில் நீங்கள் தலை உலர்த்தும் கருவியையோ கையோடு கொண்டுபோன மின் குக்கரையோ போட்டால் மொத்த வீடும் இருட்டாகும். யாராவது கீழே இறங்கிப் போய் மீட்டரில் ஏற்றிவிட வேண்டும். போடுவதற்கு முன் "போஸ்ஸோ?" (போடலாமா?) என்று ஒரு சொல் கேட்டால் போதும்.

அறை குளிர்ந்தால் சூடேற்றியை நீங்களே திருகாதீர்கள். எரிவாயுவும் விறகும் மலையில் பெரிய செலவு. இன்னொரு போர்வை கேளுங்கள், மகிழ்ச்சியாகத் தருவார்கள்.

குப்பையை வகை பிரித்து, வகைக்கு ஒரு நாள் என்று வாசலில் வைக்கிறார்கள். எது எந்தத் தொட்டி என்று தெரியாவிட்டால் சமையலறை மேடையிலேயே வைத்துவிட்டுக் கேளுங்கள். தவறான பையை எடுக்காமல் விட்டுப் போய்விடுவார்கள், அது அந்த வீட்டு வாசலில் கிடக்கும்.

8. சாப்பாட்டு மேசை

மதியம் ஒரு மணி, இரவு எட்டு மணி. இந்த இரண்டும் வீட்டின் தூண்கள். உங்கள் சுற்றல் எல்லாம் இவற்றைச் சுற்றித்தான் அமைய வேண்டும். மதியத்துக்கு வரமாட்டீர்கள் என்றால் முந்தைய இரவே சொல்லுங்கள். காலையில் சொன்னால் அதற்குள் மாவு பிசைந்திருப்பார்கள்.

உணவு வரிசையாக வரும். விசேஷ நாளில் முதலில் சிறு துண்டுகள், பிறகு பாஸ்தா அல்லது சூப், பிறகு இறைச்சி அல்லது பாலாடைக்கட்டி, கூடவே காய்கறி, அதன்பின் பழம், இனிப்பு, காபி. புதிதாகப் போகிறவர்கள் எல்லோரும் பாஸ்தாதான் சாப்பாடு என்று நினைத்து இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த தட்டு வரும்போது திகைக்கிறார்கள். அந்த அடுத்த தட்டுதான் பெரும்பாலும் அவர்கள் உங்களுக்கென்று பார்த்துச் செய்தது. முதல் தட்டில் பாதி வயிறு, அதுவே கணக்கு. எத்தனை தட்டு வரப்போகிறது என்று நண்பரிடம் மெதுவாகக் கேட்டுவிடுவது இன்னும் நல்லது.

"வேண்டாம்" என்று சும்மா சொல்லிப் பார்க்காதீர்கள். நம் வீட்டில் மூன்று தரம் மறுத்து நான்காவது தரம் வாங்குவது வழக்கமாக இருக்கலாம். அங்கே சில வீடுகளில் முதல் மறுப்பையே உண்மை என்று எடுத்துக்கொண்டு பாத்திரத்தை நகர்த்திவிடுவார்கள். சில வீடுகளில் எவ்வளவு சொன்னாலும் போடுவார்கள். வேண்டும் என்றால் "ஸி, க்ராத்ஸியே". உண்மையிலேயே போதும் என்றால் "பாஸ்தா கொஸி, க்ராத்ஸியே" என்று சொல்லி, தட்டின் மேல் கையை லேசாக வையுங்கள். எடுத்ததை மீதி வைக்காதீர்கள். குறைவாக வாங்கி முழுதும் சாப்பிடுவதே சமைத்தவருக்கு மகிழ்ச்சி.

பாஸ்தா வந்ததும் ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும். "புவோன் அப்பெத்தீத்தோ" (நன்றாகச் சாப்பிடுங்கள்) என்று வீட்டார் சொல்லும் வரை காத்திருந்து, சொன்னதும் தொடங்குங்கள். பேசிக்கொண்டே ஆறவிடுவது பிழை. நீளமான பாஸ்தாவைக் கத்தியால் வெட்டாமல் முள்கரண்டியில் சுற்றுங்கள். தட்டில் மிஞ்சிய சாற்றை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடலாம், வீட்டில் அதை விரும்பவே செய்கிறார்கள். ஆட்டிறைச்சிச் சிறுதுண்டுகளைக் குச்சியில் கோத்துத் தணலில் வாட்டும் அர்ரொஸ்திச்சீனி அப்ருட்ஸோவின் பெருமை. அதைக் கையில் பிடித்து, பல்லால் இழுத்துத்தான் சாப்பிட வேண்டும். கத்தியால் குச்சியிலிருந்து உருவி எடுத்தால் அதற்குள் ஆறிப்போகும்.

ஞாயிறு மதிய உணவு இரண்டு மூன்று மணி நேரம் நீளும். அத்தைமாரும் மாமாமாரும் வருவார்கள். அன்று பிற்பகலுக்கு பஸ்ஸோ மலைநடையோ வைக்காதீர்கள். அன்று காலை இனிப்புக் கடையில் சிறு பலகாரத் தட்டு ஒன்று கட்டித்தரச் சொல்லி வாங்கி வந்தால் மிகவும் பொருத்தம். ஸ்கான்னோவில் பாதாமும் தேனும் சேர்த்துச் செய்து சாக்லேட் பூசும் "பான் தெல்லோர்ஸோ" ஊர்ப் பலகாரம்.

சாப்பாடு முடிந்ததும் தட்டுகளை எடுக்க எழுந்திருங்கள். முதல் நாள் உட்காரச் சொல்வார்கள், கேளுங்கள். இரண்டாம் நாள் எழுந்தால் விட்டுவிடுவார்கள். அந்த நாளிலிருந்து வீட்டில் உங்கள் இடம் மாறும்.

9. நீங்கள் சமைக்கும் இரவு

தங்கியதற்குப் பணம் கொடுக்க முயலாதீர்கள், வருத்தப்படுவார்கள். ஓர் இரவு சமைத்துக் கொடுங்கள். முதல் நாளே வேண்டாம்; மூன்றாம் நாள் போல, சமையலறை எப்படி இயங்குகிறது என்று பார்த்த பிறகு. அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டு, அவர் அடுப்புக்கு வராத நேரமாகப் பாருங்கள்.

அரிசியை ஊரிலிருந்து சுமக்க வேண்டாம். கடையில் பாஸ்மதி கிடைக்கும். ரிசோத்தோ அரிசியை வாங்கினால் குழைந்துவிடும். பருப்புக்கு அதே மாவட்டத்தில் சாந்தோ ஸ்தெஃபனோ தி ஸெஸ்ஸானியோவில் விளையும் சின்னப் பயறு அருமையாகப் பொருந்தும், ஊறவைக்காமலே வேகும். எலுமிச்சைச் சாதம், அந்தப் பயறில் ஒரு கூட்டு, உருளைக்கிழங்கு வறுவல் என்று மூன்றோடு நிறுத்துங்கள். அப்ருட்ஸோக்காரர்கள் மிளகாய் அறியாதவர்கள் அல்ல, உலர்ந்த மிளகாய் வீட்டிலேயே தொங்கும். ஆனாலும் காரத்தைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.

தாளிக்கும்போது சன்னலைத் திறந்து, உள்ளறைக் கதவை மூடுங்கள். அங்கே துணிகளை வீட்டுக்குள் உலர்த்துவதும் உண்டு, பெருங்காய வாசம் அதில் ஏறினால் வாரம் ஆனாலும் போகாது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பாமல், இரண்டு தவணையாகக் கொண்டுவாருங்கள். அவர்களுக்கு அதுதான் இயல்பு. முடித்ததும் அடுப்பைத் துடைத்து, பாத்திரங்களை எடுத்த இடத்திலேயே வையுங்கள்.

10. ஊருக்குள்

எதிரே வரும் எல்லோருக்கும் வணக்கம் சொல்லுங்கள்: பகலில் "புவோஞ்ஜோர்னோ", பிற்பகலுக்குப் பின் "புவோனஸேரா". சொல்லாமல் கடந்தால் அன்று மாலைக்குள் அது வீட்டுக்குத் தெரிந்துவிடும். நம் கிராமத்தில் "யார் வீட்டுக்கு வந்த புள்ள?" என்று கேட்பது போலவே அங்கேயும் கேட்பார்கள். உங்கள் நாடு, வேலை இவற்றைச் சொல்வதை விட, எந்தக் குடும்பத்து விருந்தாளி என்று சொல்லுங்கள். அதன்பிறகு ஊரே உங்களைக் கவனித்துக்கொள்ளும்.

பெரியவர்களிடம் "நீங்கள்" என்ற மரியாதை வடிவத்தையே பயன்படுத்துங்கள். மாற்றச் சொல்வது அவர்கள் உரிமை. நண்பரின் அம்மாவை "சிஞ்ஞோரா" என்று அழைக்கலாம். கன்னத்தோடு கன்னம் வைத்து வரவேற்பது பழக்கமில்லாதவர்கள் முதலில் கையை நீட்டிவிட்டால் போதும், யாரும் தவறாக எண்ணுவதில்லை.

கடைகள் மதியம் ஒரு மணியளவில் மூடி நான்கு மணிக்குப் பிறகே திறக்கும். மாத்திரை, பஸ் டிக்கெட் எல்லாம் காலையிலேயே வாங்கிவிடுங்கள்.

படம் எடுப்பதில் ஸ்கான்னோவில் தனிக் கவனம் வேண்டும். 1951இல் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெஸோனும் அதே பத்தாண்டின் பிற்பகுதியில் மாரியோ ஜாகொமெல்லியும் இங்கே எடுத்த படங்களால், கறுப்பு உடைப் பாட்டிமாரைத் தேடிக் கேமராவோடு வருகிறவர்கள் இன்றும் உண்டு. அந்தப் பாட்டிமாருக்கு அதில் சலிப்பு இருக்கிறது. முதலில் வணக்கம், பிறகு பேச்சு, அதன்பின் அனுமதி. உங்கள் வீட்டாரோடு போகும்போது கேட்டால் இன்னும் எளிது.

11. மலைக்குப் போகும்போது

எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லாமல் கிளம்பாதீர்கள். இடுக்குகளில் போனுக்குச் சிக்னல் கிடைக்காது. தேட வேண்டிவந்தால் உங்கள் பாதை யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அவசரத்துக்கு 112. மலை மீட்புக் குழுவும் அந்த எண் வழியாகவே வரும்.

கோடையில் பிற்பகலில் இடிமழை சட்டென்று வரும். காலை ஏழு மணிக்குக் கிளம்பி மதிய உணவுக்குத் திரும்புவதே சரி. முதல் நடைக்கு, ஸ்கான்னோ ஏரி இதய வடிவில் தெரியும் மேட்டுப் பாதையே போதும்.

ஆட்டு மந்தையைக் கண்டால் நின்றுவிடுங்கள். அதைக் காக்கும் பெரிய வெள்ளை நாய்கள் ஓநாயையே எதிர்க்கப் பழக்கப்பட்டவை. மந்தைக்கு நடுவே போகாமல், ஓடாமல், கல்லை எடுக்காமல், தூரமாகச் சுற்றிப் போங்கள். நாய் குரைத்துக்கொண்டு வந்தால் அசையாமல் நின்று, மெதுவாகப் பின்வாங்குங்கள். அந்த மலைகளில் கரடியும் உண்டு, சுமார் 50 மட்டுமே எஞ்சியிருக்கும் அரிய இனம். மனிதரைக் கண்டால் விலகிப்போகும். உணவுத் துண்டுகளை வழியில் போட்டு அதை ஊருக்குள் பழக்கிவிடக் கூடாது என்பதில் ஊரார் மிகக் கண்டிப்பு.

12. கிளம்பும் நாள்

முந்தைய மாலையே பஸ் நேரத்தை உறுதி செய்து வீட்டில் சொல்லுங்கள். காலையில் படுக்கை விரிப்புகளை உருவட்டுமா என்று கேளுங்கள். உருவச் சொன்னால் துண்டுகளோடு சேர்த்து மடித்து வையுங்கள். கட்டித்தரும் பாலாடைக்கட்டிக்கும் ஜாம் புட்டிக்கும் பையில் இடம் விட்டிருக்க வேண்டும், மறுப்பது நடக்காது. புட்டியைச் சரக்குப் பெட்டியில் போடுங்கள்; கைப்பையில் வைத்தால் திரவ விதியில் சிக்கும்.

நன்றியை முதலில் அம்மாவிடமும் பாட்டியிடமும் சொல்லுங்கள், நண்பரிடம் கடைசியில். ரோம் போய்ச் சேர்ந்ததும் ஒரு செய்தி, வீடு வந்ததும் ஒன்று அனுப்புங்கள். அனுப்பும் வரை அந்த வீட்டில் யாரும் நிம்மதியாக இருப்பதில்லை.

அங்கே எடுத்த படங்களில் எல்லோரும் இருக்கும் இரண்டு மூன்றைக் காகிதத்தில் அச்சிட்டு ஒரு மாதத்துக்குள் தபாலில் அனுப்புங்கள். போனில் அனுப்பியது பாட்டி கைக்குப் போய்ச் சேராது. உறையின் மேல் முகவரியோடு ஊரின் ஐந்து இலக்க அஞ்சல் எண்ணையும் மாவட்டக் குறியீட்டையும் தவறாமல் எழுதுங்கள்.